எல்லாத் தடமும் வலது முன்கால்

தொடங்கும் முன் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காக அல்ல. பின்னால் வரப்போவதை எடைபோட வாசகர்களுக்கு அது தேவைப்படும்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். துறைத் தலைவராக ஓய்வு பெற்றேன். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் எழுதிவருகிறேன். ஒரு சொல் சரிதானா என்று பார்க்க மூன்று அகராதிகளைப் புரட்டுகிற ஆள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இதுநாள்வரை இந்தப் பத்திக்குத் திருத்தம் என்று ஒரு வரிகூட வெளிவந்ததில்லை. எங்கள் பகுதியில் இயற்கை மையம் தொடங்கியபோது, தலைவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள், நான் அமர்ந்தேன்.

சென்ற புதன்கிழமை குழித்துறையில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. என் தோளை யாரும் தட்டுவதில்லை. திரும்பினேன். பக்கத்துத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

“சார், விஷயமெல்லாம் கேட்டேன். உங்களெப் போல படிச்ச ஒருத்தரெ ஒரு ரப்பர் வெட்டுக்காரன் இப்பிடி ஏமாத்திட்டானே! வெரட்டி விட்டது நல்ல காரியம். கள்ளப் பய...”

அவர் கண்ணில் உண்மையான இரக்கம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ம்” என்றேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அந்த “ம்” தான் இந்த வாரப் பத்தியை எழுத வைக்கிறது.

மையத்தைப் பார்க்காதவர்களுக்காக: எங்கள் குழித்துறைத் தாமிரபரணி (நெல்லையில் ஓடுவது வேறு) தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே பழைய கயிற்றுக் கிடங்கு ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் கூடி அதற்கு வெள்ளையடித்தார்கள். உள்ளே சில கண்ணாடி ஜாடிகள், பறவைப் படங்கள், என் கல்லூரி கழித்துப்போட்ட ஒரு மைக்ராஸ்கோப். வெளியே ஆற்றோரம் ஒரு நடைபாதை. அதன் ஓரமெல்லாம் களிமண். அவ்வளவுதான் மையம். மீதியெல்லாம் அங்கே வேலை செய்கிற இரண்டு பேர்.

ஒருவர் தங்கராஜ். ஐம்பத்து மூன்று வயது. குலசேகரத்துக்காரர். இருபத்தைந்து ஆண்டுகள் மலைத்தோட்டங்களில் ரப்பர் மரம் கீறிப் பால் எடுக்கும் வெட்டு வேலை செய்து, ஏற்ற இறக்கத்தில் முழங்கால் தேய்ந்துபோனதால் எங்களிடம் வழிகாட்டியாக வந்து சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கண்டல் செடியின் இலையைப் பறித்து நக்கச் சொல்வார். உப்புக் கரிக்கும். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துச் சிரிக்கும். உப்புத் தண்ணீரில் ஒரு செடி எப்படி உயிர் வாழ்கிறது என்று நான் ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றியதை அவர் ஓர் இலையில் முடித்துவிடுவார்.

இன்னொருவர் ஸ்டெல்லா. மீன்பிடிக் குடும்பம், பத்தாம் வகுப்புவரை படிப்பு. மையத்தைத் திறப்பவர், பெருக்குபவர், வருகிறவர்களை வரவேற்பவர் எல்லாம் அவரே. நாள்தோறும் பதிவேடு எழுதுபவரும் அவர்தான். கண்டதை மட்டுமல்ல, காணாததையும் எழுதுவார். “மீன்கொத்தி: இரண்டு. நாரை: இல்லை.” இப்படி.

இருவருக்கும் எப்போதும் வாய்ச்சண்டைதான்.

“அண்ணே, பிள்ளையளெ இலையெ நக்க வச்சு நக்க வச்சு கண்டலு மொட்டையாவுது பாத்துக்கிடுங்க!”

“ஏட்டி, நக்குனா செடி மொட்டையாவாது. இல்லாத கொக்குக்கும் ஒரு வரி எழுதி எழுதி உனக்க நோட்டுதான் தடியாவுது.”

“வந்த கொக்கெ ஆரும் எழுதுவாவ. வராத்த கொக்கெ எழுதுததுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

இனி, விஷயத்துக்கு வருகிறேன்.

மையத்தில் ஒரு பிளாஸ்டர் பலகை உண்டு. அதில் ஒரு நீர்நாயின் காலடி பள்ளமாகப் பதிந்திருக்கும். ஒரே ஒரு கால் - வலது முன்கால். அலமாரிக்குள் இருக்கும் பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தங்கராஜ் என்ன செய்தார்? ஊருக்குப் போனபோது ஒரு பாட்டிலில் ரப்பர் பால் கொண்டுவந்தார். அதில் சிறிது ஆசிட் விட்டு, பலகைப் பள்ளத்தில் ஊற்றி உறையவைத்தார். உரித்து எடுத்தபோது, கையடக்கமாக ஒரு நீர்நாய்க் கால்! வாழ்நாளெல்லாம் ரப்பர் ஷீட் அடித்தவருக்குத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்? காய்ந்ததும் ஒரு மரப்பிடியில் அதை ஆணியடித்தார்.

பள்ளி பஸ் வரும் முன் ஆற்றோரக் களிமண்ணில் வரிசையாக அதைப் பதித்துவிடுவார். பிள்ளைகள் தடம் பிடித்துப் போகவேண்டும். தடம் ஒரு தாழம்புதரில் போய் முடியும். அங்கே தங்கராஜ் இடுப்பிலிருந்து அந்த ரப்பர்க் காலை உருவிக் காட்டுவார்.

“இஞ்ச பாருங்க மக்களே, நீர்நாயி இதாக்கும்!”

கூச்சலும் சிரிப்புமாக இருக்குமாம். அது அடங்கியதும் சொல்வாராம்: “இது ரப்பரு. உள்ளது ஒருநாள் வரும். வந்தா தடம் இதுபோல இருக்கும். கண்டா ஓடிவந்து மாமனெ விளிக்கணும், கேட்டியளா?”

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? விளையாட்டின் முடிவே உண்மையைச் சொல்வதுதான். பதிவேட்டிலும் ஸ்டெல்லா ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார்: “ரப்பர்க் கால் தடம் பதித்தது - தங்கராஜ். உண்மைத் தடம் - இல்லை.” மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களின் கீழே தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

தலைவர் அவற்றைப் படித்ததில்லை. பிள்ளைகளின் இரைச்சல் ஆகாது என்று பள்ளி நாள்களில் மையத்துக்குப் போனதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளி மாநிலத்தில் உயர் அதிகாரியாக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். மையத்தைக் காட்ட அழைத்துப் போனேன். முந்தின நாள்தான் இரண்டு பள்ளி பஸ்கள் வந்து போயிருந்தன. தங்கராஜ் அன்று மாலையே தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். மழையில்லை. களிமண்ணில் தடங்கள் அப்படியே இருந்தன.

நான் கண்டேன். ஐந்து விரல்கள், இடையில் சவ்வின் சாயல். எழுபத்திரண்டு வயதில் மண்ணில் மண்டியிட்டேன். சட்டைப்பையிலிருந்த அளவுகோலால் அளந்தேன். இந்த ஆற்றில் நீர்நாய் இல்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அதிகாரி படம் எடுத்தபடி, “சார், இது பெரிய விஷயம்” என்றார். பெரிய விஷயம்... அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வெயிலுக்காக ஸ்டெல்லா எனக்குக் குடை பிடித்து நின்றார். குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“சார்... எல்லாம் ஒரே காலு போலல்லா இருக்கு? இடது காலெக் காணல்லியே.”

நான்கு கால் விலங்கு, வலது முன்காலால் மட்டும் நடந்து போயிருக்கிறது! முதலாண்டு மாணவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஸ்டெல்லா கேட்டார். பேராசிரியர் என்ன பதில் சொன்னார்?

“ஸ்டெல்லா, நான் இதைக் கற்பித்தவன். நீ குடையை நேராகப் பிடி.”

அதிகாரி சிரித்தார். ஸ்டெல்லா குடையை நேராகப் பிடித்தார்.

மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், நேத்து வெளியாளு நிண்ணதுனால சொல்லல்ல. அது தங்கராசண்ணனுக்க ரப்பர் காலு சார். பிள்ளையளுக்குக் காட்டுததுக்கு வைக்கியது...”

“பார்க்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மாலைதான் பத்தியை அனுப்பவேண்டிய கெடு. கட்டுரை பாதி எழுதி மேசைமேல் கிடந்தது. ஸ்டெல்லா சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு என்ன செய்தேன்? “இருக்கலாம்” என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் “என்பதில் ஐயமில்லை” என்று திருத்தினேன்.

ஆற்றுக்கு நீர்நாய் திரும்பிய அந்தக் கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். வேறு எதற்கும் அத்தனை பாராட்டுக் கடிதங்கள் எனக்கு வந்ததில்லை. கூடவே ஒரு படமும் அச்சானது. எடுத்துப் பாருங்கள், எல்லாம் வலது கால். கடிதம் எழுதிய ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எழுதியவரின் பெயரைப் பார்த்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

கல்யாணம் முடிந்து தங்கராஜ் திரும்பினார். நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரப்பர்க் காலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

“சார், தப்பு நடந்து போச்சு. விளையாட்டுக்கு வச்சதுண்ணு நானே எழுதித் தாறேன். சாருக்க பேரு கெடாண்டாம்.”

என் பெயரைக் காப்பாற்ற முதலில் வந்தவர் அவர்தான் என்பதைக் கவனியுங்கள்.

“எழுத வேண்டாம். கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்” என்றேன்.

“அப்போ இந்தக் காலு? இனி வைக்கட்டா, வேண்டாமா?”

யோசித்தேன். பத்தி வெளிவந்த கையோடு தடங்கள் நின்றுபோனால் கேள்வி வரும்.

“வழக்கம்போல நடக்கட்டும். ஆனால் ரப்பர் என்று பிள்ளைகளிடம் சொல்லாதே. கொஞ்ச நாளைக்கு.”

தங்கராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சொல்லாண்டாமா? அது எப்பிடி சார்? அதல்லா விளையாட்டு!”

“சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம்.”

துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் தடத்தைப் பார்த்துவிட்டு, உண்மை என்று நம்பி பஸ் ஏறினார்கள். தாழம்புதர்வரை யாரும் போகவில்லை. அங்கே காட்ட ஒன்றும் இல்லை அல்லவா?

பத்தியைப் படித்துவிட்டுக் கொச்சியிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். முப்பது வயதுப் பெண், மரியாதையானவர். மையத்தின் செயலாளரிடம் அனுமதி பெற்று, அசைவு தெரிந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றைத் தென்னையில் கட்டிவிட்டுப் போனார். எனக்கும் தகவல் சொன்னார்கள். தங்கராஜிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. சொன்னால் ஏன் சொல்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டிவரும். அதற்கு மனம் வரவில்லை. நீர்நாய்கூட வந்து நிற்கலாம் என்றும் எங்கோ ஓர் ஓரத்தில் நப்பாசை...

கேமராவில் நீர்நாய் விழவில்லை. நீலக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, களிமண்ணில் குந்தி, கையில் ரப்பர்க் காலுடன் தங்கராஜ் விழுந்தார். காலை வெயில் முகத்தில் பட, மிகத் தெளிவான படம்.

அந்தப் பெண் எனக்கும் செயலாளருக்கும் மட்டுமே அதை அனுப்பினார். இரண்டே நாளில் மாவட்டம் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. கீழே ஒரு குறிப்பு: “ஆற்றில் அபூர்வ நீர்நாய்! வயது ஐம்பதுக்கு மேல். உணவு: கஞ்சி, மரச்சீனிக் கிழங்கு, மீன் கறி.” நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது பேராசிரியராக இருந்திருந்தால்.

மையத்தின் நிர்வாகக் குழு கூடியது. செயலாளர் குழித்துறையில் ஹார்டுவேர் கடை நடத்துபவர். எதையும் சுருக்கமாகப் பேசுவார்.

“சாருக்க பேரும் நிக்கணும், மையமும் நிக்கணும். ஒரு ஆளு போனா ரெண்டும் நிக்கும்.”

தங்கராஜை உள்ளே அழைத்தார்கள். “உனக்கு என்ன சொல்ல இருக்கு?” என்று செயலாளர் கேட்டார்.

தங்கராஜ் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. வகுப்பில் தெரிந்த பதிலைச் சொல்ல ஆசிரியர் தன்னை எழுப்புவார் என்று காத்திருக்கும் மாணவனைப் போல.

“எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. சார் சொல்லுவாரு.”

மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மிகவும் அழுக்காக இருந்ததுபோல், நெடுநேரம் துடைத்தேன்.

ஸ்டெல்லா பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்தார். “இதெ ஒண்ணு படிச்சுப் பாருங்க” என்றார். செயலாளர் இரண்டு வரி பார்த்தார். மூடினார். அதன்மேல் தன் டீ கிளாஸை வைத்தார்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது: தலைவரின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தி, அவரையும் பொதுமக்களையும் ஏமாற்றிய ஊழியர் நீக்கப்படுகிறார். மறுப்பு இல்லை. என் பேனாவில் மையும் நன்றாகவே இறங்கியது.

படித்தவனின் பிழை தனியாக நிற்காது. சாய்ந்துகொள்ள அதற்குப் படிக்காத ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. ஊரும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தத் தயாராகவே இருக்கிறது... நாற்காலி போட்டது போலவே.

அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் எழுதினேன். சாலைப் புழுதி, ஒலிபெருக்கித் தொல்லை, நல்ல காபி கிடைக்காத துயரம் எல்லாம் எழுதினேன். நீங்களும் படித்தீர்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குலசேகரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில், ரப்பர் வெட்டிவிட்டுத் திரும்பும் ஆட்கள் ஒரு டீக்கடையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே தங்கராஜ். தேய்ந்த முழங்காலோடு மீண்டும் அதே வேலைக்குப் போயிருக்கிறார். என்னைக் கண்டதும் ஒருவன் உரக்கச் சொன்னான்:

“ஏலே நீர்நாயி, உனக்க சாரு வந்திருக்காரு. காலெக் காட்டுலே!”

சிரிப்பு. தங்கராஜ் ஒருக்களித்து நொண்டியபடி என்னிடம் வந்தார். வரும்போதே மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அவசரமாகப் பேசினேன். தெரிந்த இடத்தில் வேறு வேலைக்குச் சொல்கிறேன் என்றேன்.

“வேலை இருக்கு சார். அது வேண்டாம்.” குரலைத் தாழ்த்தினார். “எனக்க மகளுக்க பிள்ளை படிக்குத பள்ளிக்கூடத்துலயிருந்தும் பிள்ளைய மையத்துக்கு வந்ததல்லா? அதுக்கிட்ட, உனக்க தாத்தா கள்ளன்ணு அதுவ சொல்லுதாம். மறுமொழி சொல்ல அதுக்குத் தெரியல்ல. நான் சொன்னா ஆரும் கேக்க மாட்டினும். பேப்பர்ல ஒரு வரி போதும் சார், நான் ஏமாத்தல்லண்ணு. நீங்க எழுதுனா ஆளுவ நம்பும்.”

நீங்க எழுதுனா ஆளுவ நம்பும். இத்தனை ஆண்டு எழுத்தில் என்னைப் பற்றி இதைவிடக் கசப்பான விமர்சனம் வந்ததில்லை. அவர் அதை விமர்சனமாகச் சொல்லவும் இல்லை.

“பார்க்கலாம்” என்றேன். ஸ்டெல்லாவிடம் சொன்ன அதே சொல். நான்கு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் மருந்துக் கடை.

நேற்றுச் செயலாளரை அழைத்து, தீர்மானத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்று கேட்டேன்.

“சார், அதெ இப்ப எதுக்குக் கிளறணும்? மாத்தினா நம்ம எல்லாரும் பொய்யன்மாரு ஆயிருவோம்.”

“ஆகிவிட்டோம்” என்றேன்.

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஸ்டெல்லா இப்போதும் மையத்தில்தான் இருக்கிறார். மாதக் கடைசியில் பதிவேட்டைக் கொண்டுவருகிறார். முன்பெல்லாம் கையெழுத்துக்கு உரிய பக்கத்தைத் திறந்து நீட்டுவார். இப்போது அப்படியில்லை. எதிரில் நின்று முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்கிறார். “மீன்கொத்தி: ஒன்று. நாரை: இல்லை. நீர்நாய்: இல்லை.” முழுதும் படித்த பிறகுதான் பேனா என் கைக்கு வருகிறது.

முதல் முறை அப்படிப் படித்தபோது, தங்கராஜ் போகும் முன் தான் எழுதிய பழைய பக்கங்களிலிருந்தே தொடங்கினார். அதில் ஒரு வரி, கடைசி வாரங்களில் பள்ளி வந்த நாளெல்லாம் வந்துகொண்டிருந்தது: “ரப்பர்க் கால் தடம் பதித்தது - தங்கராஜ். பிள்ளைகளிடம் சொல்லவில்லை - தலைவர் சொற்படி.” அந்தப் பக்கங்களின் கீழேயும் என் கையெழுத்து இருக்கிறது. அழகான கையெழுத்து.

ஆகவே, இந்தப் பத்தியின் முதல் திருத்தம்.

வழிகாட்டி தங்கராஜ் தலைவரையும் பொதுமக்களையும் ஏமாற்றினார் என்று இயற்கை மையத்தின் தீர்மானம் கூறுகிறது. அது தவறு. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தடங்கள் ரப்பர் என்பது கட்டுரை அச்சாகும் முன்பே எனக்குச் சொல்லப்பட்டது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்கச் சொன்னவன் நான்.